ஓட்டு இல்லாத ஒரு தாயிடமிருந்து: ஸ்கூல் போர்டுக்கு நிற்கும் முற்போக்கு வேட்பாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள வேட்பாளர்களுக்கு, வணக்கம்.

வரும் நவம்பரில், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டுக்கான தேர்தலில் நிற்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் இது கட்சி சாராத தேர்தல் என்பதால் வாக்குச்சீட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி எதுவும் இருக்காது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு, துண்டறிக்கையில் வானவில் நிறம், 'புத்தகங்களைத் தடை செய்ய விடமாட்டோம்' என்ற வரி. நீங்கள் முற்போக்கு அணி. என் மனசும் அந்தப் பக்கம்தான். எதிரணிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

தமிழில் எழுதுகிறேனே என்று யோசிக்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய இந்தப் பே ஏரியாவில் உங்கள் அணியில் நிற்பவர்களிலும், உங்களுக்காகக் கதவு தட்டுபவர்களிலும் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஓட்டு இல்லை. கணவரின் ஹெச்-1பி வேலை விசாவோடு, துணைவருக்கான ஹெச்-4 விசாவில் வந்தவள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் லட்சக்கணக்கான இந்தியர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால் எங்கள் வரிசை பத்தாண்டுகளைத் தாண்டி நீள்கிறது. வீட்டு வரி கட்டுகிறோம், பி.டி.ஏ. விழாவில் சமோசா விற்கிறோம், போர்டு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசவும் செய்கிறோம். ஓட்டு மட்டும் போட முடியாது. உங்கள் தொண்டர்கள் கையில் வைத்திருக்கும் ஆப்பில் வாக்காளர் உள்ள வீடுகள் மட்டும்தான் தெரியும்போல. எங்கள் வாசலைத் தாண்டி நேராக அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் நேரம் குறைவு. ஆனால் மாலை மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோரில் எத்தனை பேர் இப்படித் தாண்டப்பட்டவர்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். கடினமான வகுப்பின் கதவைச் சாத்திவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்காதீர்கள்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். 2014இல் சான் பிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் எட்டாம் வகுப்பில் இருந்த அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது. நோக்கம் கெட்டதல்ல. அதற்கு முந்தைய பத்தாண்டில் மாநிலமே எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைப் போட்டுத் திணித்தது. தயாராகாத பிள்ளைகள் தோற்று, அதே பாடத்தை மறுபடியும் மறுபடியும் படித்தார்கள். அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் கருப்பின, லத்தீன் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த அநியாயத்தை நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் நடந்தது என்ன? பணம் இருந்த வீட்டில் கோடை விடுமுறையில் ஆன்லைனில் காசு கட்டி அல்ஜீப்ராவை முடித்தார்கள். கூமானுக்கோ வேறு டியூஷனுக்கோ போனார்கள். தனியார் பள்ளிக்கு மாறியவர்களும் உண்டு. இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளை, கணக்கில் எத்தனை கெட்டியாக இருந்தாலும், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருந்தது. ஒன்பதில் அல்ஜீப்ரா என்றால் பன்னிரண்டில் கால்குலஸ் எட்டுவதற்கு நடுவில் எங்காவது ஒரு வருடத்தைச் சுருக்கியாக வேண்டும். 2023இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, மேம்பட்ட கணித வகுப்புகளில் இனங்களுக்கு இடையே இருந்த இடைவெளி பெரிதாகக் குறையவில்லை என்று சொன்னது. எந்த இடைவெளியைக் காட்டி வகுப்பை மூடினார்களோ அது அங்கேயேதான் இருந்தது.

2024 மார்ச்சில் 'ப்ராபொசிஷன் ஜி' என்று ஒன்று வாக்குச்சீட்டில் வந்தது. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மாவட்டத்தை வலியுறுத்தும் தீர்மானம், அவ்வளவுதான். சட்டப்படி போர்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் ஆதரித்தார்கள். இது ஏதோ பழமைவாத ஊர் இல்லை, சான் பிரான்சிஸ்கோ. வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே போர்டும் இறங்கி வந்து, சில பள்ளிகளில் சோதனை முறையில் தொடங்க ஒப்புக்கொண்டது.

இதைச் சொன்னால் உங்கள் கூட்டங்களில் சிலர் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். 'இந்திய அம்மா, மார்க் பைத்தியம், தன் பிள்ளை ஐவி லீக் போனால் போதும்' என்ற பார்வை. எங்கள் ஆட்களில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். பள்ளி எல்லையை மாற்றலாம் என்று மாவட்டம் வாயைத் திறந்தால் போதும், வாட்ஸாப் குழுவில் வீட்டு விலை பற்றிய கவலை தொடங்கிவிடும். 'அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்' என்று இரண்டு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். ஊரில் சாதிக்கு எதிராகப் பேசிவிட்டு இங்கே வந்து அஞ்சல் குறியீட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்பவர்களோடு எனக்கும் சண்டை உண்டு. ஆனால் அவர்களைக் காட்டி, கணக்கை விரும்பும் எல்லாப் பெற்றோரையும் எதிரணியில் தள்ளினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் டெக்சாஸில். டல்லாஸ் பள்ளி மாவட்டம் 2019இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. அதுவரை மேம்பட்ட கணிதத்தில் சேர வேண்டுமென்றால் பெற்றோரோ ஆசிரியரோ கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஐந்தாம் வகுப்புத் தேர்வில் நன்றாகச் செய்த எல்லாப் பிள்ளைகளையும் மாவட்டமே ஆறாம் வகுப்பில் அந்தப் பாதையில் சேர்த்துவிடும், வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று மாற்றினார்கள். சில ஆண்டுகளில் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்கும் கருப்பின மாணவர்களின் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. லத்தீன் மாணவர்களுடையதும் வெகுவாக உயர்ந்தது. 2023இல் குடியரசுக் கட்சி ஆளும் டெக்சாஸ் சட்டமன்றம் அதையே மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கியது. ஒரு படிவத்தில் 'ஆம்' இருந்த இடத்தில் 'இல்லை' வைத்ததில் இவ்வளவு! என் பார்வையில் உங்கள் துண்டறிக்கையில் இருக்கும் எதையும்விட முற்போக்கானது இது. உங்களில் யாராவது இதைப் பேசிக் கேட்க ஆசைப்படுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ போர்டின் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உங்கள் அணியில் அதை 'வலதுசாரிப் பணம் வந்து கவிழ்த்துவிட்டது' என்று சுருக்கிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பணம் வந்தது உண்மை. அது மட்டுமே கதை இல்லை.

2021 ஜனவரியில் கோவிட்டால் அங்கே பள்ளிகள் மூடியே கிடந்தன. பிள்ளைகள் வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் போர்டு 44 பள்ளிகளின் பெயரை மாற்ற ஆறுக்கு ஒன்று என்று வாக்களித்தது. வாஷிங்டன், லிங்கன் பெயர்களோடு, அப்போது பதவியில் இருந்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பெயரும் பட்டியலில் இருந்தது. அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரெவியர் பெயரை நீக்கச் சொன்ன காரணம் ஒரு போர்க்கள நிகழ்வைத் தப்பாகப் படித்ததால் வந்தது. பட்டியல் போட்ட குழு வரலாற்று அறிஞர்களைக் கலந்து பேசியிருக்கவில்லை. ஏப்ரலில் அத்தனையையும் வாபஸ் வாங்கினார்கள். நடுவில் பிப்ரவரியில், மதிப்பெண் பார்த்து மாணவர்களைச் சேர்க்கும் லோவல் உயர்நிலைப் பள்ளியைக் குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். ஆசிய மாணவர்கள் பெரும்பான்மையாகப் படித்த பள்ளி அது. முடிவை ஆதரித்த உறுப்பினர் ஒருவர் 2016இல் ஆசிய அமெரிக்கர்களைப் பற்றி எழுதிய பழைய ட்வீட்டுகள் அடுத்த மாதமே வெளியே வந்தன. அவரைத் துணைத் தலைவர் பொறுப்பிலிருந்து சக உறுப்பினர்கள் நீக்கினார்கள். அவர் மாவட்டத்தின் மீதே 87 மில்லியன் டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். இதற்கிடையே பட்ஜெட்டில் 100 மில்லியன் டாலருக்கும் மேல் பள்ளம் விழுந்திருந்தது.

2022 பிப்ரவரி 15 அன்று மூன்று உறுப்பினர்களை, ஏறக்குறைய பத்தில் ஏழு வாக்காளர்கள் வாக்கெடுப்பில் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள். பைடனுக்கு எண்பது சதவீதத்தைத் தாண்டி ஓட்டுப் போட்ட ஊர் அது. சீனக் குடும்பங்கள், அதுவரை ஸ்கூல் போர்டு தேர்தலை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஜூனில் லோவல் பழைய முறைக்கே திரும்பியது.

இதில் எல்லோரும் மறந்துபோகும் ஒரு பகுதி உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். அதே 2022 தொடக்கத்தில் அந்த மாவட்டம் புதிய சம்பள மென்பொருள் ஒன்றை இயக்கத் தொடங்கியது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைந்து வந்தது, சிலருக்கு வரவே இல்லை. மாதக் கணக்கில் தொடர்ந்தது. ஆசிரியர்கள் மாவட்ட அலுவலகத்திலேயே இரவு தங்கிப் போராடினார்கள். பெயர் மாற்றத்துக்கு ஆன விவாத நேரத்தில் ஒரு பங்கு அந்த ஒப்பந்தத்தைப் படிக்கப் போயிருக்கலாம். மென்பொருள் வேலையில் இருக்கும் எங்கள் வீடுகளில் எவரைக் கேட்டாலும், சம்பளக் கணக்கை இப்படி அவசரமாக மாற்றாதே என்று இலவசமாகவே சொல்லியிருப்பார்கள்.

ஸ்கூல் போர்டின் அதிகாரம் இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான். மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்டை நியமிப்பது, பட்ஜெட்டை நிறைவேற்றுவது, ஒப்பந்தங்களுக்குக் கையெழுத்துப் போடுவது. மாதம் சில நூறு டாலர் மதிப்பூதியத்துக்கு, வேறு வேலை பார்த்துக்கொண்டே, நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்க வேண்டும். பொதுக் கூட்டங்களுக்கான பிரவுன் சட்டப்படி நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்னால் வெளிவரும். வெள்ளிக்கிழமை மாலை வந்தால் உங்கள் வார இறுதி போச்சு. அதில் 'கன்சென்ட்' என்ற தலைப்பில் முப்பது நாற்பது விஷயங்கள் மொத்தமாக ஒரே ஓட்டில் போய்விடும். பெரிய பணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அவற்றில் ஒன்றைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு. நீங்கள் எடுப்பீர்களா?

இப்போது பணத்தைப் பற்றி. இதைத்தான் உங்கள் துண்டறிக்கைகளில் காணோம். 1978இல் ப்ராபொசிஷன் 13 வந்து சொத்து வரியைக் கட்டிப்போட்ட பிறகு, கலிஃபோர்னியாவில் பள்ளிப் பணத்தின் கடிவாளம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது. 2013இல் அப்போதைய கவர்னர் ஜெர்ரி பிரவுன் கொண்டுவந்த புதிய நிதிச் சூத்திரம் உங்கள் கைக்கு ஒரு நல்ல கருவியைத் தந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொகைக்கு மேல் 20 சதவீதம் கூடுதலாக வரும். அதை எப்படிச் செலவழிக்கப் போகிறோம் என்று பெற்றோரைக் கேட்டு மாவட்டம் மூன்று ஆண்டுத் திட்டம் எழுத வேண்டும். எல்-கேப் என்பார்கள். கேட்கிறார்களா? ஆன்லைனில் ஒரு கருத்துக்கணிப்புச் சுட்டி வரும், அதோடு சரி. சமத்துவம் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் இதுதான். அந்தக் கூடுதல் பணம் உண்மையில் ஐந்தாம் வகுப்பில் கணக்கு தடுமாறும் பிள்ளைக்கு ஒரு ஆசிரியராகப் போய்ச் சேர்கிறதா, பொதுச் செலவில் கரைகிறதா என்று உங்களில் யாராவது ஒருவர் மேடையில் எண்களோடு சொன்னால், ஓட்டு இருக்கும் என் நண்பர்களிடம் நானே போய் உங்களுக்காகப் பேசுவேன்.

மாநிலம் பணம் கொடுப்பது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இல்லை, வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் சராசரிக்கு. (நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பும் குடும்பங்கள், கிளம்பும் முன் பள்ளி அலுவலகத்தில், பள்ளிக்கு வராமலே பாடம் செய்வதற்கான 'இன்டிபென்டன்ட் ஸ்டடி' ஒப்பந்தம் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளை அந்த வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்தால் பள்ளிக்கு அந்தப் பணம் கைவிட்டுப் போகாது.) அது போக, மாநிலத்தில் பிள்ளைகளே குறைந்து வருகிறார்கள். 2014இல் 62 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 2024-25இல் 58 லட்சத்துக்கு அருகில் வந்துவிட்டது. அதனால் பள்ளிகளை மூடுவதா, இணைப்பதா என்ற கேள்வி உங்கள் மேஜைக்கு வரத்தான் போகிறது. ஓக்லாந்தைப் பாருங்கள். 2022இல் மூடல் பட்டியல் போட்டார்கள், பள்ளி ஊழியர்கள் இருவர் உண்ணாவிரதம் இருந்தார்கள், 2023 ஜனவரியில் புதிய போர்டு வந்து மீதி மூடல்களை ரத்து செய்தது. கைதட்டல் கிடைத்தது. பற்றாக்குறை போகவில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே விவாதம் திரும்பி வந்தது. 2003இல் மாநிலத்திடம் வாங்கிய கடனை 2025இல்தான் அடைத்து முடித்த மாவட்டம் அது. மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூடமாட்டேன் என்றால் எதைக் குறைப்பேன் என்று கூடவே சொல்லுங்கள்.

எதிரணியைப் பற்றி எனக்கு மயக்கம் ஏதும் இல்லை. 2023இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் டெமெகுலாவில், துணைப் பாடத்தில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய அரசியல்வாதி ஹார்வி மில்க் வருகிறார் என்பதைக் காரணம் காட்டி ஒரு சமூக அறிவியல் பாடநூலையே வேண்டாம் என்றார்கள். கவர்னர் 15 லட்சம் டாலர் அபராதம் என்று மிரட்டிய பிறகுதான் ஏற்றார்கள். அந்தப் போர்டின் தலைவரை 2024 ஜூனில் மக்கள் திருப்பி அழைத்தார்கள், அதே ஆண்டு நவம்பரில் அவரே மறுபடியும் ஜெயித்து வந்தார். பென்சில்வேனியாவின் சென்ட்ரல் பக்ஸ் பள்ளி மாவட்டத்தில் நூலகப் புத்தகச் சண்டையால் சலித்துப்போன ஊர், 2023இல் ஐந்து இடங்களையும் ஜனநாயகக் கட்சியினருக்குக் கொடுத்தது. ஆக, அவர்களை எதிர்த்தே ஒரு தேர்தலை ஜெயிக்க முடியும், அது எனக்கும் தெரியும். ஆனால் கலிஃபோர்னியாவில் புத்தகத் தடைக்கு எதிராக 2023இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் ஊர் நூலகத்திலிருந்து எந்தப் புத்தகமும் காணாமல் போகவில்லை. காணாமல் போயிருப்பவர் எங்கள் பள்ளியின் கணித உதவி ஆசிரியர், அந்த இடம் நிரப்பப்படவே இல்லை.

கடைசியாக, ஓட்டு விஷயம். 2016இல் சான் பிரான்சிஸ்கோ, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு மட்டும் ஓட்டுப் போடலாம் என்று வாக்கெடுப்பில் முடிவு செய்தது. 2022இல் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. முதல் தேர்தலில் பதிவு செய்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பதிவு விவரம் குடியேற்றத் துறைக்குப் போகலாம் என்ற எச்சரிக்கை படிவத்தோடு வந்தால் யார் துணிவார்கள்? சிகாகோவில் 1988இல் வந்த சட்டத்திலிருந்தே உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களுக்கு எந்தப் பெற்றோரும் ஓட்டுப் போடலாம். பெர்க்லியிலும் ஓக்லாந்திலும் 2024 முதல் 16 வயதுப் பிள்ளைகளே ஸ்கூல் போர்டுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே பிறந்த என் மகளுக்கு எனக்கு முன்னால் ஓட்டு வந்துவிடும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் ஊரில் சட்டத்தை மாற்றுங்கள் என்று இப்போது கேட்கவில்லை. இன்றைய வாஷிங்டனைப் பார்த்தால் அந்தப் பட்டியலில் என் பெயரை எழுத எனக்கே பயம். ஓட்டு தர முடியாவிட்டாலும் கேட்கலாம். எல்-கேப் கூட்டத்தை வேலை நாள் மாலை ஐந்து மணிக்கு வைக்காமல் சனிக்கிழமைக்கு மாற்றலாம், மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கலாம். இதற்குப் போர்டின் ஒரு தீர்மானம் போதும்.

சனிக்கிழமை காலை நம் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் இருப்பார்கள். பெற்றோர் இரண்டு மணி நேரம் சும்மா இருப்போம். வளாகத்துக்குள் பிரசாரம் கூடாது, எதிரே காபிக்கடை இருக்கிறது. துண்டறிக்கை வேண்டாம், மாவட்டத்தின் இந்த ஆண்டு பட்ஜெட்டை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். கணக்கு பார்க்கத் தெரிந்த ஆட்கள் அங்கே நிறையப் பேர், காபிச் செலவும் எங்களுடையது.

இப்படிக்கு,
பே ஏரியாவில் ஏழாம் வகுப்பு மகளுக்கு அம்மா